நூற்றுவர் தலைவரின் இரும்புச் சட்டை

அன்ரனெற் வெக்ஸ்போர்ட்டில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பின்னேரம் ஏற்றும்வரை வேலை இல்லை. மற்றச் சாரதிகள் அந்த நேரத்தில் கோப்பிக் கடையில் இருப்பார்கள், அல்லது சீற்றைச் சாய்த்துவிட்டுத் தூங்குவார்கள். அன்ரனெற் மடியில் ஒரு பழைய துவாயை விரித்து, இரண்டு கையிலும் இரண்டு குறடு பிடித்து, ரோமப் படைவீரனுக்குச் சட்டை பின்னுவாள்.

ஒருமுறை பிள்ளைகளை நூதனசாலைக்கு ஏற்றிக்கொண்டு போனபோது பிடித்த பைத்தியம் அது. கண்ணாடிப் பெட்டிக்குள் துருப்பிடித்த இரும்புத் துணி ஒன்று கிடந்தது. பிள்ளைகள் வாள் பார்க்க ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றாள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் வேறு நான்கு வளையங்கள். நூலில் ரேந்தை பின்னத் தெரிந்தவளுக்கு அதன் போக்கு உடனேயே பிடிபட்டது.

பிறகு நூலகப் புத்தகங்கள், யூரியூப். கெல்ற்றியர் என்ற பழங்குடியினர் செய்த சட்டையைச் சண்டையில் கண்டு ரோமர் பழகிக்கொண்டார்கள் என்று படித்தாள். அந்தக் காலத்துக் கொல்லர்கள் வளையத்தின் முனைகளைத் தட்டித் தட்டையாக்கி, துளைத்து, பொட்டளவு ஆணி அடித்து மூடினார்களாம். அவளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வேலிக் கம்பியைத் தடியொன்றில் சுருளாகச் சுற்றி, சுருளை வெட்டி, வளையங்களைக் குறட்டால் நெரித்து மூடுவதோடு சரி. நாடகத்தில் யார் உண்மையாக வெட்டப்போகிறான் என்பது அவளுடைய நியாயம்.

நாடகம் என்பது பெரிய வெள்ளிக்கு அவர்களுடைய கோவில் பங்கில் போடும் யேசுவின் திருப்பாடுகளின் காட்சி. நெறிப்படுத்துகிறவர் சீமோன் அண்ணை. அவருடைய படைவீரர்கள் இவ்வளவு காலமும் சாம்பல் நிறக் கம்பளிச் சுவெற்றருக்கு வெள்ளிப் பெயின்ற் அடித்துப் போட்டார்கள். கிட்டப் போனால் மணக்கும். இரும்புச் சட்டை பின்னித் தரவா என்று அன்ரனெற் கேட்டபோது அவர் தாடியைத் தடவி யோசித்துவிட்டு, சிலுவையடியில் நிற்கும் நூற்றுவர் தலைவருக்கு மட்டும் ஒன்று செய்யலாம், பிசகினால் பழைய கம்பளிதான் என்றார். அந்தப் பனிக்காலம் முழுவதும் அவள் அதோடுதான் கிடந்தாள்.

நூற்றுவர் தலைவர் ஜஸ்ரின், ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு விற்கும் ஏஜென்ற். நல்ல உயரம், நல்ல குரல், நல்ல வயிறு. பங்கு மண்டபத்தில் ஹீற்றர் கொதிக்க, அவனை ரீசேட்டோடு நிறுத்தி அளவெடுத்தாள். இந்தச் சட்டை வெட்டைத்தான் தடுக்கும், அடியைத் தடுக்காது, அதனால் வீரர்கள் உள்ளே தடித்த உடுப்பொன்று போட்டார்கள் என்று அளவெடுத்தபடியே விளக்கமும் சொன்னாள். ஜஸ்ரின் தலையாட்டினான். இருவருக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

புனித வாரத்துத் திங்கட்கிழமை கோவில் பார்க்கிங்கில் உடுப்போடு ஒத்திகை. காற்று முகத்தில் அறைந்தது. அந்த நாடகத்தில் எல்லாரும் அங்கிக்குள் வின்ரர் ஜக்கெற் போடுவது வழக்கம். அப்போஸ்தலர்கள் கலியாணவீட்டில் பந்தி முடித்து வந்தவர்கள் போல இருப்பார்கள். யேசுவாக நடிப்பவருக்கு மட்டும் தோல் நிறத் தேர்மல் உள்ளுடுப்பு.

ஜஸ்ரின் ஜக்கெற்றோடு சட்டைக்குள் நுழைந்தான். கைகள் மேலே நிற்க, சட்டை கக்கத்தில் இறுகிக்கொண்டது. தலை வெளியே வரவில்லை.

"அக்கா, உள்ளுக்கு இருட்டாக் கிடக்கு," என்றான்.

பேதுரு சிரித்தார். யூதாஸ் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இழுக்காதை. குனிஞ்சு உதறு. தன்ர பாரத்தில தானா விழும்."

விழுந்தது, அவனுடைய தொப்பியையும் கொண்டு. ஜக்கெற் இல்லாமல் போட முடியாதா என்று அன்ரனெற் மெதுவாகக் கேட்டாள்.

"சிலுவைக்குக் கீழ எவ்வளவு நேரம் நிக்கவேணும் அக்கா? அவருக்கு முதல் நான் போயிடுவன்."

சீமோன் அண்ணை சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "வடிவான சாமான் பிள்ளை. ஆனா வெள்ளிக்கிழமை ஜக்கெற்றுக்கு மேல ஏறவேணும். ஏறாட்டிக் கம்பளிதான்."

அவளுக்குக் காது சுட்டது. உள்ளே தடித்த உடுப்பு என்று ஊருக்கெல்லாம் சொன்னவளே ரீசேட்டுக்கு அளவெடுத்திருக்கிறாள். ஆனால் இரும்புச் சட்டையில் ஒரு நன்மை உண்டு. துணியைப் போல வெட்டித் தைக்கத் தேவையில்லை. கக்கத்திலிருந்து இடுப்புவரை ஒரு வரிசை வளையங்களைத் திறந்தால் பக்கம் பிரிந்துவிடும். இடையில் புதுப் பட்டி பின்னிச் சேர்த்தால் பழையபடி ஒரே சட்டை.

அடுத்த நாளே பஸ்ஸில் பிரித்தாள். விரல் நுனிகள் கறுத்தன. வீட்டில் மகள் நிரோஷினி, "அம்மா, ரெண்டு பக்கமும் சேவ்ரி பின் குத்தினா ஆருக்குத் தெரியும்? சீரியஸ்லி," என்றாள். அன்ரனெற் அதையும் ஒரு கணம் யோசித்தாள், பிறகு தன்னை நினைத்து வெட்கப்பட்டாள். வியாழன் பொழுதுபடும்போது இரண்டு பட்டியும் சேர்ந்தன. கக்கத்தடியில் மட்டும் பட்டி எட்டாமல் ஒரு கை அகலம் திறந்து கிடந்தது. ஈட்டி தூக்குகிறவனுக்குக் காற்றோட்டம் நல்லது என்று முடிவுசெய்து குறட்டைக் கீழே வைத்தாள்.

வெள்ளியன்று ஜஸ்ரின் கைகளைத் தூக்கினான். சட்டை ஜக்கெற்றின் மேல் சரசரவென்று இறங்கி இடுப்பைத் தாண்டி நின்றது. பாரம் தோளை அழுத்தாதபடி அவள் இடுப்பு வாரை இறுக்கிவிட்டாள். சீமோன் அண்ணை அவனைச் சுற்றிவந்து பார்த்தார். கம்பளியைக் கொண்டுபோய்க் காருக்குள் போட்டார்.

பார்க்கிங் நிறையச் சனம். யேசு தலை சாய்த்ததும் ஜஸ்ரின் ஈட்டியை ஊன்றி முழந்தாளிட்டான். இரும்பு முழுவதும் ஒன்றாகச் சரிந்து, அரிசி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. அதுவரை இருமிக்கொண்டிருந்தவர்களும் அடங்கிப்போனார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் வேறொரு சின்னச் சத்தம் தனக்கு மட்டும் கேட்டதாக அவள் நினைத்தாள். தெறித்த வளையம் ஒன்று தாரில் உருண்டு முன்வரிசைக்கு வந்தது. அன்ரனெற் சப்பாத்தால் மிதித்துக்கொண்டு, சிலுவையைப் பார்க்காமல் சட்டையின் இடது பக்கத்தையே பார்த்தாள். புதுப் பட்டி அசையவில்லை. சனம் எல்லாம் முழந்தாளிட்டது. அவளும் அந்தக் காலை எடுக்காமலே கோணலாக முழந்தாளிட்டாள்.

பக்கத்தில் சீமோன் அண்ணை தலை குனிந்தபடி, "ஒண்டுதானே விழுந்தது?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

"அப்ப பேசாமச் செபத்தைச் சொல்லு."