அவள் பார்க்க இருந்த ரொக்கெட்

பெரகல சந்தியில் எனக்கு ஒரு போன் திருத்தும் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அக்காவின் மகள் நேரே அங்கே வந்துவிடுவாள். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. படிக்கத்தான் வருவாள், ஆனால் கொஞ்ச நேரத்தில் ரொக்கெட் வீடியோக்களில் போய் நிற்பாள். எனக்கு அதில் பாதி விளங்காது. அவள் சொல்வதைக் கேட்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

"இது அரசாங்கத்து ரொக்கெட் இல்ல மாமா. கம்பெனி ரொக்கெட். அரசாங்கம் சீட்டுக்குக் காசு கட்டி ஆள் அனுப்புது."

"அப்ப நம்ம பிரைவேட் பஸ் மாதிரின்னு சொல்லு."

"அப்பிடியே வச்சுக்கங்க. ஆனா புட்போர்டுல தொங்க ஏலாது."

அந்த ரொக்கெட்டில் நான்கு பேர் விண்வெளி நிலையத்துக்குப் போகவிருந்தார்கள். நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தபோதே, காலநிலை சரியில்லை என்று பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். அவளுக்கு முகம் வாடிவிட்டது.

"மழைக்கெல்லாமா நிறுத்துவாங்க?" என்றேன்.

"உள்ள ஆள் இருக்காங்கல்ல மாமா. லேசா சந்தேகம்னாலும் விட மாட்டாங்க. அடுத்த தடவ அம்மாவையும் இழுத்துட்டு வாரேன்."

அதற்குள் எங்கள் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. ஒரு காலையில் அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக் கடைக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போயிருந்தாள். பிள்ளை வீட்டில் தேத்தண்ணீருக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து மலை இறங்கியது. அக்கா திரும்பி ஓடியபோது லயத்தின் கடைசிப் பகுதி இருந்த இடத்தில் சேறும் பாறையும் வேரோடு பிடுங்கிய தேயிலைச் செடிகளும்தான் இருந்தன.

ஆமிக்காரர்கள் வந்தார்கள். மண் அள்ளும் பெக்கோ வந்தது. நாங்களும் கையால் தோண்டினோம். மற்ற வீட்டுக்காரர்களின் உடல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எங்கள் பிள்ளை மட்டும் கிடைக்கவில்லை. மறுபடியும் மண் சரியலாம் என்று கடைசியில் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். அக்காவின் கணவர் முன்பே இறந்துபோனவர். அவளுக்கு இருந்தது இந்த ஒரு பிள்ளைதான். அக்கா அழவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில், இடம்பெயர்ந்த சனங்களோடு, பாயில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். அப்போது என் போனில் அறிவிப்பு வந்தது. அன்று தள்ளிப்போட்ட ரொக்கெட் புறப்படப் போகிறது. பிள்ளை என் போனில் போட்டுவைத்த அறிவிப்பு. நான் அணைக்கப் போனேன்.

"என்னடா தம்பி அது?"

சொன்னேன்.

"போடு. இதப் பாக்க என்னையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

பள்ளிக்கூட விறாந்தையில் உட்கார்ந்து பார்த்தோம். வெள்ளை உடையில் நான்கு பேரும் வெளியே வந்தார்கள். குடும்பத்தார் தள்ளி நின்று கையசைத்தார்கள். பிறகு நெருப்பு, புகை, அந்தச் சத்தம். ரொக்கெட் எழும்பியது. திரையின் அடியில் எண்கள் ஓடின.

"அது என்ன?"

"எவ்வளவு உசரத்துல, என்ன வேகத்துல போறாங்கன்னு காட்டுது அக்கா."

"அவங்க எங்க இருக்காங்கன்னு கீழ உள்ளவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எந்த நேரமும்?"

"ஆமாக்கா."

அக்கா போனிலிருந்து கண்ணை எடுத்து எதிரே இருந்த மலையைப் பார்த்தாள்.

"எம்புள்ள இந்தா, இங்கதானடா இருக்கா. எந்த எடம்னு ஒருத்தருக்கும் தெரியலையே."

திரையில் இப்போது ரொக்கெட்டின் உட்புறத்தைக் காட்டினார்கள். நூலில் கட்டியிருந்த ஒரு சின்னப் பொம்மை மெல்ல மிதக்கத் தொடங்கியது. அதைப் பார்த்து அக்கா சிரித்தாள். "பொம்மைய எல்லாம் கொண்டு போறாங்க பாரு" என்றாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் உடைந்துவிட்டாள். அந்த மழைக்குப் பிறகு அவள் முதல் தடவையாக அழுதது அன்றுதான். மண்டபத்திலிருந்த பெண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். கீழே விழுந்த போனில் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவளே கேட்டாள்: "போய்ச் சேந்துட்டாங்களா?"

"சேந்துட்டாங்க."

"நல்லது" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். "அவங்க அம்மாமாரு பயந்துக்கிட்டு இருந்திருப்பாங்க."

மழை விட்ட பிறகு, பாதர் மண்சரிவின் அடியில் நின்று அடக்கச் செபம் சொன்னார். பெட்டி இல்லை, குழி இல்லை. செபம் முடிந்ததும் அக்கா பூவை எடுத்துக்கொண்டு மண்மேட்டில் ஏறினாள். "அடுப்படி இங்கதான் இருந்திச்சு" என்று கொஞ்சம் வைத்தாள். நின்று யோசித்தாள். "இல்ல, இன்னும் கொஞ்சம் அங்கிட்டு." அங்கேயும் வைத்தாள். கையிலிருந்த பூ முடிந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மிச்சப் பூ இருந்த தட்டத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினேன்.