ஸ்டாண்டு இருந்தது, பிளேட் இல்லை

பள்ளிக்கூடக் குழுப்படம் என்றால் அந்த வட்டாரத்தில் அக்கா தங்கை இருவர்தான். பெரியவள் பிள்ளைகளை உயரப்படி நிறுத்துவாள், காலரை இழுத்துவிடுவாள், கண் மூடுகிறவனை அதட்டுவாள். சின்னவள் படம் எடுப்பாள். பதினாறு வருடம் அப்படி ஓடியது. சின்னவளுக்குக் கல்யாணமானதும் புருஷன் கடைவீதியில் கண்ணாடிக் கதவு போட்ட ஸ்டூடியோ வைத்துக் கொடுத்தான். கேமரா அவளோடு போனது. பழைய கடையும் ஸ்டாண்டும் பெரியவளுக்கு.

பெரியவள் வேறொரு கேமரா வாங்கி மாட்டப் போனபோதுதான் தெரிந்தது. கேமராவின் அடியில் திருகி, ஸ்டாண்டின் தலையில் டக்கென்று பூட்டுகிற பிளேட், தீப்பெட்டி அளவுதான், பழைய கேமராவோடு ஒட்டிக்கொண்டே போய்விட்டது.

போன் செய்தாள். "அதைக் கழட்டிக் குடுத்தனுப்புடி. அது இல்லாட்டி இது வெறும் மூணு காலு."

"ஆனையையே குடுத்துட்டு அங்குசத்துக்கு அழறியேக்கா! பாக்குறேன்."

பார்த்தாள், மூன்று மாதம் பார்த்தாள். இரண்டு தடவை நினைவூட்டிய பெரியவளுக்கு மூன்றாவது தடவை கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி வெகுகாலம். கடையில் கிடைத்த வேறு பிளேட் ஒரு நூல் சிறியது. அட்டையை மடித்து இடுக்கில் செருகி மாட்டினாள். ஆட்டிப் பார்த்தாள், நின்றது.

பள்ளிக்கூடத்தில் எட்டு வகுப்பு வரைக்கும் நின்றது. ஒன்பதாவதில் பின்வரிசைப் பெண்ணொருத்தி ரிப்பனைத் தொலைத்துவிட்டு அழ, பெரியவள் ஸ்டாண்டை விட்டுவிட்டுப் போனாள். பின்னால் சத்தம். கேமரா சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தது, லென்ஸ் இரண்டு துண்டாக. யாரோ களுக்கென்று சிரிக்க, வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியை சிரிக்கவில்லை.

"உங்க தங்கச்சி எடுத்தப்ப இப்படி ஆனதில்லையேம்மா."

மறுநாள் மிச்ச வகுப்புகளைச் சின்னவள் வந்து எடுத்துக் கொடுத்தாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று பெரியவள் ஸ்டூடியோவுக்குப் போனாள். மேசையில் ரசீதுகள் பறக்காமலிருக்க, அவற்றின்மேல் அந்த பிளேட் உட்கார்ந்திருந்தது.

"அட, இதுவா? எடுத்துக்கோக்கா. நான்தான் புது ஸ்டாண்டு வாங்கிட்டேனே."

"இனிமே எனக்கு எதுக்குடி?"

"அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பேசாம எங்கிட்ட வந்துடு. பிள்ளைங்கள நிறுத்த உன்ன மாதிரி ஆளே கிடையாது."

வேண்டுமென்றே பதுக்கியிருந்தாலாவது வயிறெரியத் திட்டியிருக்கலாம். இவள் மறந்தே போயிருந்தாள். பிளேட்டை ரசீதுகள்மேலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

செத்தாலும் போவதில்லை என்றிருந்தாள். பள்ளிக்கூட வேலை போன கடை ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, போனாள். ஸ்டூடியோ பெயர் அச்சடித்த பனியன் கொடுத்தார்கள். ஒருநாள் சின்னவளின் புருஷன் தனியாகக் கூப்பிட்டுப் பணிவாகத்தான் சொன்னான்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. வெளியாளுங்க முன்னாடி அவள 'டி' போட்டுக் கூப்பிட வேணாம்."

அன்றிலிருந்து பெரியவள் தங்கையைக் கூப்பிடுவதே இல்லை. வரிசை சரியானதும் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டுகிறாள்.