தம்பிஐயாவின் வலது குதிக்கால்

நான் ஜெசிதா. இருபத்திரண்டு வருடமாகப் புண் கட்டுகிற தாதி. யாரும் பாராட்ட வேண்டாம். முதுகு விட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான். சொல்ல வந்தது நீர்வேலித் தம்பிஐயாவைப் பற்றி.

வயது அறுபத்திரண்டு. தோட்டத்தில் முந்நூறு வாழை. பதினைந்து வருடச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வலது குதிக்காலில் எட்டு மாதமாக ஆறாத புண். காலில் உணர்ச்சியே இல்லை. முள் ஏறியதைக்கூட மனைவி தவமணிதான் கண்டுபிடித்தார். மூன்று வகை அன்ரிபயோட்டிக் கொடுத்தும் பச்சைச் சீழ் நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டிவரும் என்றார் டொக்டர்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கிளினிக்குக்குப் பரீட்சார்த்தமாகக் குளிர் பிளாஸ்மா மெசின் வந்தது. பேனை மாதிரி ஒரு பிடி. உள்ளே வாயுவில் மின்சாரம் பாய, நுனியில் ஊதாச் சுவாலை வரும். ஆனால் சுடாது. மருந்துக்கு அசையாத கிருமியையும் கொல்லும் என்றார்கள். இப்படி எத்தனை ‘என்றார்கள்’ கேட்டிருப்பேன்! அதைப் பிடித்துப் பார்க்க டொக்டர் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், தவணை கொடுத்தார்.

கிழமைக்கு மூன்று நாள் சுவாலையைப் புண்ணில் பிடித்தேன். வெல்டிங் கடை வாசலில் வரும் மணம் அறையில் எழும்பும்.

“என்ன மிஸி, எரியேல்லை? எரியாத மருந்தும் ஒரு மருந்தே?”

“உங்கடை காலுக்கு நெருப்பு வைச்சாலும் எரியாது ஐயா. பேசாமல் இருங்கோ.”

நாலாம் கிழமை நாற்றம் நின்றது. ஐந்தாம் கிழமை சிவப்பாகப் புதுத் தசை. புண் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அன்று நான் கட்டிய நாற்பதாவது புண் அது. களைப்போ சந்தோசமோ, வாய் முந்திவிட்டது.

“கால் தப்பீட்டுது ஐயா!”

‘நனைக்காதேங்கோ, வெறுங்காலோடை நடக்காதேங்கோ’ என்று ஒவ்வொரு முறையும் பாடுகிற பாட்டை அன்று மட்டும் பாடவில்லை.

மறுநாள் விடியவே மனிசன் வாழைக்குத் தண்ணீர் மாறப் போய்விட்டார். ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் மண் போட்டு வாய்க்காலை அடைத்து, குதிக்காலால் மிதித்து இறுக்க வேண்டும். பாத்தி பாத்தியாக மிதித்திருக்கிறார். பாதுகாப்புக்குக் கட்டின் மேல் பொலித்தீன் ஷொப்பிங் பையைச் சுற்றியிருந்தாராம்!

மூன்றாம் நாள் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். கட்டை அவிழ்த்தேன். உள்ளே சேறு. கணுக்கால் வரை கறுத்திருந்தது. அதற்கு மேல் ஊதாச் சுவாலைக்கு வேலை இல்லை.

“அறிவு இருக்கே உங்களுக்கு?” என்று கத்தினேன்.

தவமணி என் கையைப் பிடித்தார். “பேசாதேங்கோ மிஸி. கால் தப்பீட்டுது எண்டு மிஸி சொல்லிப்போட்டா எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவர்.”

நான் குனிந்து சேற்றைத் துடைக்கத் தொடங்கினேன்.

சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகையில் ட்ரொலிக்குப் பக்கத்தில் நடந்தேன். “நான்தான் பிழை விட்டனான் ஐயா.”

“விசர்க்கதை கதையாதை பிள்ளை,” என்றார். “எட்டு மாசத்திலை எனக்கு ஒருத்தர் சொன்ன ஒரே நல்ல சொல்லு அது.”

காலை எடுத்துவிட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது அறை வாசலில் பதினெட்டுப் பேர். மெசினைப் போட்டேன். முதலாவதாக வந்த அம்மாவின் புண் சுருங்கியிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுகமாகுது அம்மா,” என்றேன். பிறகு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பழைய ‘நனைக்காதேங்கோ’ பாட்டை முதலிலிருந்து பாடினேன்.