இரண்டு குடம் உப்புத்தண்ணீர்

பாப்பாரப்பட்டியில் மண்டி வைத்திருந்த மாணிக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. என்னை நினைத்தால் இன்னும் கூடுதலாகக் கொதிக்கிறது. கரண்ட் வேலைக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

டெஸ்ட்

அறுபதுகளின் கடைசி. நான் லைன் இன்ஸ்பெக்டர். மாணிக்கம் ஒரே வரிசையில் ஆறு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ஆறுக்கும் ஒரே கரண்ட் சர்வீஸ். லைன் கொடுக்கும் முன் டெஸ்ட் செய்யப் போனேன்.

கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் பைப் எட்டடி ஆழம் இறங்க வேண்டும், சுற்றிலும் கரியும் உப்பும் போட வேண்டும். அது வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு. மண்ணுக்கு மேலே அரையடி பைப் தெரிந்தது. சுற்றி மண் நன்றாக நனைந்திருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், ரீடிங் அருமை.

"பரவால்லயே, எர்த்துக்குத் தண்ணியெல்லாம் ஊத்திப் பாத்துக்கறீங்களே!" என்று பாராட்டு வேறு.

"சட்டம்னா சட்டம்தானுங்களே சார்" என்றார் மாணிக்கம்.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

மனு

அடுத்த கோடையில் தையல்காரர் ரஹீம் ஆபீசுக்கு வந்தார். அந்த வரிசையில் மூன்றாவது வீட்டில் குடியிருந்தவர். சர்வீஸ் வயர் இறங்கும் இரும்புப் பைப்பில் ஒரு முனையைக் கட்டித்தான் அங்கே எல்லாரும் கொடிக்கம்பி இழுத்திருந்தார்கள்.

"கம்பியில ஈரத்துணி போட்டா சுர்ருன்னு இழுக்குதுங்க சார். வூட்டுக்காரர்கிட்டச் சொன்னா, ஈரக்கையோட தொட்டா அப்புடித்தான்னு சிரிக்கறாருங்க."

மனுவை வாங்கிப் பார்த்தேன். சர்வீஸ் மாணிக்கம் பேரில் இருந்தது. கையெழுத்து ரஹீமுடையது.

"குடியிருக்கறவங்க குடுத்தா செல்லாது. வீட்டுக்காரர்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

அவர் மனுவை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அந்த வீடு ஆபீசிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். நான் போகவில்லை.

பைப்

நாலாம் நாள் காலையில் ரஹீமின் மனைவி ஜைத்தூன் துணி காயப்போடும்போது கம்பியோடு ஒட்டிக்கொண்டார். ஃபியூஸைப் பிடுங்குவதற்குள் உயிர் போய்விட்டது.

போய்ப் பார்த்தால், இரும்புப் பைப்பின் வாயில் உரசி உரசி சர்வீஸ் வயரின் தோல் போய், பைப் வழியாகக் கொடிக்கம்பிக்குக் கரண்ட் ஏறியிருந்தது. எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் அந்த நிமிஷமே ஃபியூஸ் போயிருக்கும். குனிந்து எர்த் பைப்பைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. மொத்தமே ஒண்ணரையடி! கரியும் இல்லை, உப்பும் இல்லை. காய்ந்த மண்.

"அன்னிக்கு ஈரமா இருந்துச்சே?" என்றேன்.

ரஹீம்தான் பதில் சொன்னார். "நீங்க வர்றதுக்கு முன்னால வூட்டுக்காரரு ரெண்டு கொடம் உப்புத்தண்ணி ஊத்தி வைக்கச் சொன்னாருங்க. எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. ஜைத்தூன்தான் தூக்கியாந்து ஊத்துச்சு."

விசாரணையில் மாணிக்கம் அலட்டிக்கொள்ளவே இல்லை. டெஸ்ட் ரிப்போர்ட்டை நீட்டினார். "எல்லாம் சரியா இருக்குன்னு இவருதானுங்களே கையெழுத்துப் போட்டாரு!" அயோக்கியன். ஆனால் அவர் காட்டியது என் கையெழுத்தைத்தான். கேஸ் இழுத்துக்கொண்டே போனது. மூன்றாவது வீட்டுக்கு அடுத்த மாதமே வேறு ஆட்கள் குடிவந்தார்கள்.

அதன் பிறகு நான் எந்த வீட்டுக்கும் சொல்லிவிட்டு டெஸ்டுக்குப் போனதில்லை. உப்பு ஈரத்தில் மோசமான எர்த்தும் நல்ல ரீடிங் காட்டும்; அதனால் எர்த் மண் நனைந்திருந்தால் காய்ந்த பிறகு மறுபடி வருவேன். பைப்பை ஆட்டிப் பார்க்காமல் பேனாவைத் தொட மாட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அன்றைக்கு விசாரணை முடிந்து வெளியே வந்தபோது ரஹீம் என்னைத் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"அந்த மனுவுல, எம்பொண்டாட்டிதான் தெனமும் துணி போடுது, அது உசுருக்குப் பயமா இருக்குன்னு கடைசியா எழுதியிருந்தேனுங்க. படிச்சீங்களா சார்?"

படிக்கவில்லை. கையெழுத்து யாருடையது என்று மட்டும்தான் பார்த்தேன்.