பதினாறு கோரும் ஒரு பழைய பஸ்ஸும்

ஏறாவூரில் கணினி திருத்தும் இஷாமுக்கு வாய் நீளம். கணினியின் மூளையில் கணக்குப் போடும் கோர் கூடினால் கேம் பறக்கும் என்று எட்டு வருடமாகக் கண்டவருக்கெல்லாம் சொல்லிவந்தான். அந்த வாய்தான் இப்போது அவனை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. ஒரு மடிக்கணினியின் ஆணிகளைக் கழற்றுவான், பாதியில் எழுந்து வாசலுக்குப் போவான், திரும்பி வந்து எந்த ஆணி எங்கே போகும் என்று திண்டாடுவான்.

காரணம் உசனார் மாமா. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். முழங்கால் மடங்காமல் போன பிறகு கணினியில் ஒரு பழைய பஸ் கேம்தான் அவருக்குப் பொழுதுபோக்கு. பட்டணத்துக்குள் பஸ் நுழைந்தால் படம் விக்கி விக்கி நின்றது. "பதினாறு கோர் இருந்தாப் பறக்கும் மாமா" என்றான் இஷாம். கத்தாரிலிருந்து லீவில் வந்த மருமகன், பாவித்த அலுவலகக் கணினிப் பெட்டியொன்றைச் சுமந்து வந்தார். பதினாறு கோர். பட்டணம் வந்ததும் அதே விக்கல்.

கணினிக்குள் நடப்பதைக் காட்டும் பக்கத்தை இஷாம் திறந்து பார்த்தான். ஒரு கோர் மூச்சுத் திணற, மற்றப் பதினைந்தும் சும்மா கிடந்தன. வேலையைப் பிரித்துக் கொடுக்கும்படி எழுதிய புது கேம் என்றால் அவையும் கைகொடுத்திருக்கும். இதுவோ எல்லாவற்றையும் ஒரே தலையில் கட்டுகிற பழசு. அந்த ஒரு கோருக்கும் பெரிய வேகமில்லை. எந்த கேம் என்று கேட்காமலே வாயை விட்டிருக்கிறான், மடையன்!

"புதுச் சாமான் மாமா, பழகிச் செட்டாக நாலு நாள் எடுக்கும்" என்று நழுவினான்.

பஸ்காரரிடம் சொல்லக்கூடாத பொய் அது. நாலாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மனம் கேளாமல் போனான். உசனார் கேம் பஸ்ஸை இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று.

"புது எஞ்சினை முறுக்கப்படாது மகன். நாலு நாளா இப்பிடித்தான் ஓட்டுறன். இன்னும் பழகல்ல போல இரிக்கி."

இஷாமுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அது பழகாது மாமா. நான் பொய் சொல்லிட்டன்" என்று தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னான்.

உசனார் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். "பதினாறு டிரைவர் ஏறினாலும் ஸ்டியரிங் ஒண்டுதானே. அத முதல்லயே சொல்லியிரிக்கலாமே."

"பிழைதான் மாமா."

அவர் உள்ளறையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மகள் நிஸ்றா தையல் மெசின் கேட்டவ. ரெண்டையும் கொண்டுவர ஏலா எண்டு மருமகன் சொன்னாரு. நான்தான் இதக் கேட்டு வாங்கின. நீ சொன்னாச் சரியா இரிக்கும் எண்டு."

உள்ளே நிஸ்றா ஒரு சட்டைக்குக் கையால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். இஷாம் அன்றைக்குத்தான் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் இருந்தான்.