நனைந்த நூலும் மணவாளன் சாரும்

"செய்றதுக்கு முன்னாடியே முடிவச் சொல்லிடுவேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு சோதனைகூடத் தப்பினதில்ல!"

ஆரணியை அடுத்த சேவூரில், குப்புராஜ் வீட்டுத் தறிக்கூடத்தில், 1979-இல் மணவாளன் இப்படிப் பிரகடனம் செய்தார். உண்மைதான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் அவர் அட்டெண்டர். அதே பதினெட்டுச் சோதனைகள் வருஷாவருஷம் நடந்தால் முடிவு மட்டும் எங்கே ஓடிவிடும்?

குப்புராஜின் நான்கு பிள்ளைகளும் பள்ளிக்குப் போனதில்லை, தறிவேலை போகவிடவில்லை. எட்டாவது வரை படித்த அம்மா ரங்கம்மாள் விடியலில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தாள். விஞ்ஞானத்துக்கு மணவாளனைப் பிடித்தாள். நெசவாளருக்கு அமாவாசைதான் விடுமுறை என்பதால் வகுப்பும் அன்றைக்கே. சந்திரனைப் பற்றிய பாடமும் சந்திரன் இல்லாத நாளில்தான் நடந்தது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. பள்ளியில் 'யோவ் மணவாளா' என்று கூப்பிடப்பட்டவரை இங்கே 'சார்' என்றார்கள். அமாவாசையை அவர் பௌர்ணமிபோல எதிர்பார்த்தார்.

குப்புராஜ் மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "ஒரு சோதனை தப்பாப் போனாலும் வகுப்பு கட். லீவு நாள்லயும் புள்ளைங்க தறிக்குத் தார்க்குச்சியில நூல் சுத்தட்டும்."

அன்றைய பாடம் நூலின் வலிமை. நூலில் டப்பாவைத் தொங்கவிட்டு, அறும்வரை கரண்டி கரண்டியாக மணல். காய்ந்த பட்டு இருபது கரண்டி தாங்கியது. நனைந்த பட்டு பதினாறில் அறுந்தது.

"நனைஞ்சா எந்த நூலும் வலு கொறையும்" என்றார் மணவாளன்.

"பருத்தி, சார்?" என்றாள் மூத்தவள் ஆதிலட்சுமி.

"அதுவும் அப்டித்தான். செஞ்சு பாக்கவே வேணாம்."

வாசற்படியில் குப்புராஜ் சிரித்தார். "பட்டே தாங்கல, பருத்தி தாங்கிடுமா? இன்னா கேள்வி இது!" பட்டைத் தவிர வேறொன்றை நூலென்றே மதிக்காத வீடு அது.

ஆதிலட்சுமி அதற்குள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து பருத்தி நூலை எடுத்துக் கட்டிவிட்டாள். காய்ந்தது பதினைந்து கரண்டி. நனைந்தது பதினைந்தைத் தாண்டியது. பதினாறு. பதினேழு. பதினெட்டில்தான் அறுந்தது.

ரங்கம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

மணலில் ஈரம், கரண்டியில் குறை என்று சமாளித்து இருபத்திரண்டு வருஷப் பெருமையைக் காப்பாற்றிக்கொள்ள மணவாளன் நினைத்தார். வாயைத் திறந்தார். "நான் சொன்னது தப்பு" என்ற வார்த்தைகள்தான் வந்தன.

"ஏன் அப்டி ஆச்சு?" என்றார் குப்புராஜ்.

"தெரியலங்க."

தானும் அதே தப்பைச் சொன்னது குப்புராஜுக்கு உறைத்திருக்க வேண்டும். நிபந்தனையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் டப்பாவின் அருகே குந்தினார். "இன்னொரு தபா ஊத்து, பாப்பம்." மறுபடியும் பதினெட்டு. "அட! அடுத்த அமாவாசைக்குள்ள இதுக்குக் காரணம் கண்டுபிடிச்சுகினு வாங்க, சார்."

"பட்டையும் பருத்தியையும் சேத்து முறுக்கி நனைச்சா?" என்றாள் ஆதிலட்சுமி.

எல்லாரும் மணவாளனைப் பார்த்தார்கள். "செஞ்சு பாத்துடுவோம்" என்றார் அவர். இரண்டு நூலையும் எடுத்துத் தொடைமேல் வைத்து முறுக்க ஆரம்பித்தார்.