ஒலியில்லாத படத்தில் என் அண்ணன்

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியின் அடியில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சேலை கிடக்கிறது. அம்மாபேட்டைத் தறியில் நெய்தது. பச்சைக் கரை, அதில் சின்னச் சின்ன மாங்காய். இதுவரை யாரும் அதை உடுத்தியதில்லை. அந்துருண்டை மாற்றப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதன்மேல் விரல் படாமல் மற்ற துணிகளை மட்டும் எடுப்பேன். மடிப்பின் மேல்பக்கம் தண்ணீர் பட்டுக் காய்ந்த கறை ஒன்று உண்டு. கூரை ஒழுகியிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எறியவும் மனம் வரவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. அதைக் கொண்டுவந்தவர் என் அண்ணன். கொண்டுவந்த நாளை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அண்ணனோடு பேச்சு முறிந்தது எழுபதுகளின் கடைசியில், என் மகள் பெரியவளானபோது நடந்த சீரில். எங்கள் பக்கத்தில் தாய்மாமன்தான் பச்சை ஓலைக் குடிசை கட்ட வேண்டும். அவர் கொண்டுவரும் சேலையைத்தான் பெண் உடுத்த வேண்டும். அதற்குப் பெண்ணின் தாய் தகப்பன் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அவரை அழைக்க வேண்டும். நான் பள்ளி ஆசிரியை. அது பொதுத்தேர்வு வாரம். என் வீட்டுக்காரரோ காய்ச்சலில் கிடந்தார். கொழுந்தனாரிடம் தட்டைக் கொடுத்தனுப்பினோம். “எனக்குப் பாக்கு வெக்க அந்த ஊட்டுல வேற ஆளே இல்லீங்களா?” என்று கேட்டு, தட்டைத் தொடாமலே திருப்பி அனுப்பினார் அண்ணன். சீரன்று நல்ல நேரம் தீரும்வரை காத்திருந்தோம். தலைக்கு ஊற்றிய தண்ணீர் சொட்டச் சொட்ட மணையில் உட்கார்ந்திருந்த என் மகள், “மாமா வந்துட்டு இருக்காருங்களாம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் என் பெரியப்பா மகன் மாமனாக நின்று சடங்கை முடித்துவைத்தார். நீயே போயிருக்கலாமே என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. சொல்லட்டும். அவர் தோட்டம் எங்களுக்கு அடுத்த ஊரில்தான் இருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் இருக்கும் தங்கை மகளைப் பார்த்துவிட்டுப் போக அவருக்கு ஒரு தட்டு வேண்டியிருந்தது.

அந்த மகள் வளர்ந்து சென்னைக்குப் படிக்கப் போனாள். ஆசிரியப் பயிற்சிக்குப் போ என்று தலையால் அடித்துக்கொண்டேன். பத்திரிகை, வானொலி, சினிமா எல்லாம் கற்றுத்தரும் புதுப் படிப்பு என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வருடம் ஆளுக்கொரு குறும்படம் எடுத்துத்தர வேண்டுமாம். கைக்கு அடக்கமான கல்லூரிக் கேமரா ஒன்றோடு விடுமுறையில் வந்து நின்றாள். கதையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்து வீட்டில் ஒருவர் இறந்துவிடுகிறார். அழுகிற அழுகையில் எருமையைக் கறக்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மடி கனத்து எருமை கத்துகிறது. அவ்வளவுதான் படம்.

“சத்தமே பதியாத கேமராவுல எருமை கத்துறதை எப்படிச் சாமி காட்டுவே?” என்று கேட்டேன்.

“கத்துறது கண்ணுக்கே தெரியுங்கம்மா” என்றாள்.

பிணமாகப் படுக்க அவள் அப்பாவே முன்வந்தார். “எங்கிட்ட நீ நடிப்பையா கேட்கறே, படுக்கத்தானே கேட்கறே?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “தாலியோட ஒருத்தி நிக்கறேன், என் கண்ணு முன்னால பாடை கட்டறீங்க. புத்தி எங்கீங்க போச்சு?” என்று கத்தினேன். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை.

படம் பிடித்த அன்று, விடிந்தும் விடியாததுமாக எருமையைக் கறக்கக்கூடாது என்று மகள் தடுத்துவிட்டாள். மடி நிறைந்திருக்க வேண்டுமாம். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். அதன்கீழ் தாடையைக் கட்டி, நெற்றியில் காசு வைத்து என் வீட்டுக்காரர் கண்மூடிக் கிடந்தார். பறையடிப்பவர்கள் இருவர் ஓரமாக நெருப்புப் போட்டுப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் பால்காரர் சைக்கிளில் வந்திருக்கிறார். “இன்னைக்குப் பால் இல்லீங்கண்ணா” என்று மகள் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லியிருக்கிறாள். பாடையைப் பார்த்தார், கறக்காத எருமையைப் பார்த்தார், தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். எழவு வீட்டில் நின்று யாரும் விவரம் கேட்பதில்லை. அவர் அடுத்துப் பால் எடுப்பது என் அண்ணன் தோட்டத்தில்.

நான் வெளியே வரவே மாட்டேன் என்று சமையலறையில் இருந்தேன். பறை அடித்தார்கள். திடீரென்று அதற்கு மேலே ஓர் ஆண்குரல் “மாப்ளே” என்று அலறியது. அது நடிப்பில்லை என்று என் உடம்புக்குத் தெரிந்தது. ஓடி வந்தேன். சட்டையில்லாமல், செருப்பில்லாமல், அண்ணன் பாடைமேல் விழுந்து கிடந்தார். இவரோ, மகள் சொல்கிறவரை அசையக்கூடாது என்ற கட்டளையை மதித்து அப்படியே கிடந்தார்! அந்தக் கொஞ்ச நேரம், சத்தியமாக, எனக்கும் அவர் உயிரோடிருக்கிறாரா என்று சந்தேகம் வந்துவிட்டது. பிறகு அவர் தாடைக்கட்டை இழுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

“மச்சான், ஒண்ணுமில்லீங்க. புள்ள படம் புடிக்குதுங்க.”

பறை நின்றது. பின்னால் வந்த நங்கையா, அண்ணன் மனைவி, வாயில் அடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மெதுவாக எழுந்தார். இவரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பாடை கட்டினாத்தான் அண்ணன் வருவான்னு திட்டம் போட்டீங்களா அம்மிணி?”

பிறந்ததிலிருந்து அவரை ‘நீங்க’ என்றே அழைத்துப் பழகியவள் நான். அன்றுதான் அது உடைந்தது. “எம் பொண்ணு மணையில உட்கார்ந்து அழுதப்ப வராத காலு, நான் தாலியறுக்கறேன்னதும் ஓடி வந்துச்சா? இதுக்குத்தான் காத்துட்டு இருந்தியா?”

கையிலிருந்த துணிப்பையை அவர் தரையில் வீசினார். கணவன் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குக் கொண்டுவரும் கோடிச்சேலை அதில் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளையை எதிர்பார்த்தோம். புழுதியில் சரிந்து விழுந்தது அரக்குப் பட்டு.

“கடை தொறக்க எட்டு மணி ஆகுமுங்க” என்று நங்கையாதான் அழுதுகொண்டே சொன்னார். “எழவு ஊட்டுக்கு வெறுங்கையோட வர முடியுங்களா? பொட்டியில மடிப்புக் கலையாத துணின்னு இருந்தது இதொண்ணுதான். புள்ள சீருக்குன்னு எடுத்தது.”

அதைக் கேட்டதும் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்பார்கள். வரவில்லை. சேலையை எடுத்துப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு அன்று வராமல் இருந்தவரை என்ன செய்யலாம்? அதே சேலையை எனக்குக் கோடியாகத் தூக்கிக்கொண்டு வந்தவரை என்ன செய்யலாம்? “எம் பொண்ணு சீரை எனக்கு எழவாக் கொண்டாந்திருக்கியே!” என்று அலறினேன்.

“எழவுக்கும் வந்துட்டேன்” என்றார் அண்ணன், சத்தம் போடாமல். “இனி இந்த ஊட்டுக்கு நான் செய்ய வேண்டிய மொறை ஒண்ணும் பாக்கியில்லை.”

நேராகப் பம்ப்செட் தொட்டிக்குப் போனார். எழவு வீட்டுக்கு வந்தவர் குளிப்பதுபோல, உயிரோடிருக்கும் என் புருஷன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குடம் குடமாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். அதைப் பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தண்ணீர் விழும் சத்தமும், கறக்காத எருமையின் கத்தலும் கேட்டுக்கொண்டே இருந்தன. பிறகு வந்து பார்த்தபோது அவர்கள் போயிருந்தார்கள். சேலையைப் பெட்டியில் வைத்தது மகள். நான் எதுவும் கேட்கவில்லை.

கல்லூரியில் படத்தைப் பாராட்டினார்களாம். நான் பார்க்க மறுத்துவிட்டேன். இப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. போன வாரம் தோழியிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிவந்து, எங்கள் சுண்ணாம்புச் சுவரில் ஓட்டினாள். “ஒரு தடவை பாருங்கம்மா” என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். நான் கத்தியதையெல்லாம் வெட்டியிருந்தாள். எருமை இருந்தது, அது கத்துவது கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணன் குளித்தார். கதவு சாத்தியபின் நான் பார்க்காதது அதற்கப்புறம் வந்தது. ஈரம் சொட்ட அவர் திரும்பி நடக்கிறார். குனிந்து சேலையை எடுக்கிறார். தட்டுகிறார், ஊதுகிறார், மறுபடி தட்டுகிறார். கேமராவை நோக்கி வருகிறார். உதடு துடிக்கிறது. சுவர் முழுக்க அரக்கு நிறம் பரவி, இருட்டாகிப் படம் முடிந்தது.

“அப்புறம்?”

“சேலையை என் தோள்ல போட்டாருங்கம்மா. கேமராவும் சேர்ந்து மூடிருச்சு.”

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லலை. படத்துல இருக்கற மாதிரியேதான்.”

“ஏன்டி எங்கிட்டச் சொல்லலை?”

“சொல்லியிருந்தா அடுப்புல வெச்சிருப்பீங்க.”

வைத்திருப்பேன். இன்றும் அவரை நான் மன்னித்துவிடவில்லை. எழவுக்கென்று எடுத்துவந்த துணியை முகூர்த்தத்தில் உடுத்துவேன் என்கிறாள் மகள். கேட்கும்போதே உள்ளங்கால் கூசுகிறது. தாய்மாமன் வராமல் மணையில் உட்காரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். ஒருமுறை அவருக்காகக் காத்திருந்து அழுத பெண் அவள். மறுபடி அப்படி அவளை உட்காரவைக்க என்னால் ஆகாது.

தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்துவைத்திருக்கிறேன். இந்தமுறை வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, பள்ளியில் தேர்வும் இல்லை. நாளைக் காலை நானும் என் வீட்டுக்காரரும் போகிறோம். அவர் கதவைச் சாத்தினால் தட்டை வாசலில் வைத்துவிட்டு வருவேன். பெட்டியிலிருந்து சேலையை இன்றுதான் கையால் எடுத்தேன். உதறிக் கொடியில் போட்டிருக்கிறேன். காற்றில் அந்துருண்டை வாடை போய்விடும். ஈரத்தோடு அழுத்திப் பிடித்த கையளவில் இருக்கும் அந்தக் கறை மட்டும் போகாது.